சைவம் அடங்கிப்போகத்தான் சொல்கிறதா?

“அநீதி நடந்தாலும் முன்வினை என்று பொறுத்துக்கொள், ஆட்சியை எதிர்ப்பது சைவத்துக்கு அந்நியம்” என்று மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி பிழையானது.

வினைக்கொள்கை சைவத்தில் உண்டுதான். ஆனால் பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது, “நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்” என்று பாடிப் போக மறுத்தவர் திருநாவுக்கரசர். பெரியபுராணம் இதை அடியார் பெருமையாகவே சொல்கிறது, குற்றமாக அல்ல.

தூரம் போவானேன்? 1988 மார்ச் 19 அன்று நம் மாமாங்கேஸ்வரர் கோயிலடியில், குருந்த மரத்தின் கீழ், அன்னை பூபதி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். இந்தியப் படை போரை நிறுத்த வேண்டும், புலிகளுடன் பேச வேண்டும்: இரண்டே கோரிக்கைகள். ஏப்ரல் 19 அன்று உயிர் நீத்தார். அவரது அரசியலை ஏற்காதவர்களும் இங்கே உண்டு. ஆனால் கோயிலடியில் எதிர்ப்பே எழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.