ஆறு மணிக்கு விழும் ட்ரிப் சுவிட்ச்

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீடு. ஒரு வாரமாகச் சாயந்தரம் ஆறு மணியானால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. அம்மாவின் தீர்ப்பு முதல் நாளே வந்துவிட்டது: கஜனின் கொம்பியூட்டர்தான் காரணம். மேல்முறையீட்டை விசாரிக்க வயரிங் வேலை செய்யும் மூர்த்தி அண்ணை வந்திருக்கிறார். கையில் பை, காதில் பென்சில். நேரம் ஐந்தரை.

மூர்த்தி: (அறை வாசலில் நின்று) தம்பி, உள்ளே வர வழி இருக்கிறதா?

கஜன்: வாருங்கள் அண்ணை. வயரை மட்டும் மிதிக்காமல் வாருங்கள்.

மூர்த்தி: அப்படியென்றால் பறந்துதான் வர வேண்டும். சரி, முதலில் இதைச் சொல். இந்தப் பிளக் ஓட்டையில் பேனாவைக் குத்தி வைத்திருப்பது யார்?

கஜன்: அது இரண்டு கால் பிளக் அண்ணை. மேல் ஓட்டையைப் பேனாவால் அமத்தினால்தான் கீழ் இரண்டும் திறக்கும்.

மூர்த்தி: அது எனக்குத் தெரியாதா? திறந்த பிறகு பேனாவை எடுக்க வேண்டாமா?

கஜன்: எடுத்தால் பிளக் ஆடுகிறது.

மூர்த்தி: லப்டொப்பின் மேல் தகட்டைத் தொட்டால் விரலில் கூசுமே?

கஜன்: ஓம் அண்ணை! எப்படித் தெரியும்? வேலை மும்முரத்தில் வருகிற கூச்சம் என்று நினைத்தேன்.

மூர்த்தி: இரண்டு கால் பிளக்குக்கு ஏர்த் கிடையாது. போக வழியில்லாத கசிவு உன் விரலில் வந்து விசாரிக்கிறது. அது கிடக்கட்டும். இந்த டிவி ஏன் நிமிர்ந்து நிற்கிறது? விழுந்து தூக்கி வைத்தாயா?

கஜன்: அது இரண்டாவது மொனிட்டர். வேண்டுமென்றே திருப்பி வைத்தது. புரோகிராம் நீளமாகக் கீழே கீழே போகும். கோயில் திருவிழா உபயகாரர் பட்டியல் மாதிரி. அதைப் படுக்கையாக வைத்து வாசிக்க முடியுமா?

மூர்த்தி: சரி. கீபோர்ட் மூன்று எதற்கு? கை இரண்டுதானே?

கஜன்: இது பகலுக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனியாக ஸ்பிரிங் இருக்கிறது, அடித்தால் டக் டக்கென்று கேட்கும். இரவில் அடித்தால் கூரையில் மழை என்று நினைத்து அம்மா கொடியில் உடுப்பு எடுக்க ஓடுகிறா. அதனால் இரவுக்குச் சத்தமில்லாதது ஒன்று. மூன்றாவது அப்பாவுக்கு.

மூர்த்தி: அப்பாவும் புரோகிராம் எழுதுகிறாரா?

கஜன்: பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறார். கச்சேரி அலுவலகத்தில் தட்டச்சு செய்த கை, ரெங்கநாதன் விசைப்பலகையை விட்டு இறங்க மாட்டார். எனக்குத் தமிழ் 99. ஒரே கீபோர்டில் இருவரும் அடித்த ஒரு நாள், பிரதேச சபைக்கு அவர் எழுதிய முறைப்பாடு எந்த மொழி என்றே தெரியவில்லை.

மூர்த்தி: பதில் வந்ததா?

கஜன்: தெளிவாக எழுதினபோதும் வரவில்லையே அண்ணை.

(மூர்த்தி மேசைக்குக் கீழே குனிகிறார். கஜன் திரையைப் பார்த்தபடி தட்டுகிறான்.)

மூர்த்தி: நீ தட்டுகிறாய், எழுத்து ஒன்றும் விழவில்லையே. கீபோர்டும் பழுதா?

கஜன்: இல்லை அண்ணை, இது விம், புரோகிராம் எழுதுகிற செயலி. இதில் எழுதுவதற்கு ஒரு நிலை, உலாவுவதற்கு ஒரு நிலை. நான் இப்போது உலாவுகிறேன். எச் இடம், ஜே கீழ், கே மேல், எல் வலம்.

மூர்த்தி: அம்புக்குறி போட்ட பொத்தான் நாலு இங்கே இருக்கிறதே!

கஜன்: இருக்கிறது. ஆனால் இதற்குத் தகப்பன் விஐ. அதை 1976இல் பில் ஜோய் என்பவர் எழுதினார். அவர் வைத்திருந்த டெர்மினலில், அதாவது திரையும் கீபோர்டும் சேர்ந்த பழைய பெட்டியில், அம்புக்குறி இந்த நாலு எழுத்தின் மேல்தான் அச்சடித்திருந்தது.

மூர்த்தி: அந்த டெர்மினல் உன்னிடம் இருக்கிறதா?

கஜன்: நான் கண்ணால் கண்டதே இல்லை.

மூர்த்தி: பிறகென்ன? (யோசித்து) ம். என்னுடைய பழைய பைக்கில் கியர் வலது காலில். அதை விற்றுப் பத்து வருஷம். இன்னும் அவசரத்துக்குக் கியர் மாற்றப் போய்ப் பிரேக்கைத்தான் மிதிக்கிறேன். ஆனால் நான் அந்த பைக்கை ஓட்டியாவது இருக்கிறேன், தம்பி.

(இந்த இடத்தில் கஜன் பேச்சை மாற்றியது நியாயம்தான்.)

கஜன்: அண்ணை, மேலே கூரைக்குப் போகிற வயரையும் பார்க்கிறீர்களா?

மூர்த்தி: பார்த்துவிட்டேன். காகம் இருக்கக் கம்பி நட்டிருக்கிறாய். உள்ளங்கை அகலம் கூட இல்லாத இந்தக் கொம்பியூட்டரில் வந்து முடிகிறது. என்ன அது?

கஜன்: அன்ரெனா. 46 சென்ரிமீற்றர் செம்புக் கம்பி. கப்பல்கள் தங்கள் பெயர், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ். அலையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு கம்பி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். டிவி பார்க்கிற ஒரு சின்ன டொங்கிளில் அதைக் கேட்டு, படத்தில் புள்ளி வைக்கிறேன். இதோ பாருங்கள், சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பல். உட்துறைமுகத்துக்குள் நுழைகிறது.

மூர்த்தி: பைக்கை எடுத்தால் உட்துறைமுக வீதிக்குப் பத்து நிமிஷம். அங்கே நின்றால் கப்பலே தெரியுமே.

கஜன்: தெரியும். ஆனால் அதில் புரோகிராம் எழுத ஒன்றுமில்லையே அண்ணை.

மூர்த்தி: என் மச்சானின் வள்ளம் தெரியுமா?

கஜன்: வராது. வெளிநாட்டுக்கு ஓடும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள், பயணிகள் கப்பல்கள் மாதிரியானவைதான் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மூர்த்தி: நல்லது. அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால் அக்கா சும்மா விடமாட்டா. (திரையைச் சுட்டி) அது என்ன, வரிக்கு வரி பக்கத்தில் ஆள் பெயரும் திகதியும்?

கஜன்: அதுதான் கிட். லினக்ஸை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. யார், எந்த வரியை, எப்போது மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். இந்தக் கட்டளையின் பெயரே பிளேம். பழி.

மூர்த்தி: (முதல் தடவையாகக் கதிரையில் உட்கார்ந்து) தம்பி, இதுதான் எனக்கு வேண்டும். ஒவ்வொரு வீட்டு மெயின் போர்டுக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு கொப்பி கட்டாயம் இருக்க வேண்டும். எந்தக் கழுதை இந்த ஜொயின்டைப் போட்டது என்று பார்த்தவுடன் தெரியும். முப்பது வருஷமாக ஊரான் செய்த பிழைக்கு நான் பதில் சொல்கிறேன்.

கஜன்: நான் வீட்டு விஷயத்தையும் இதில்தான் எழுதுகிறேன் அண்ணை. காஸ் மாற்றிய நாள், கிணறு இறைத்த நாள், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் எல்லாம்.

மூர்த்தி: கெட்டிக்காரன். வா, போர்டுக்குப் போவோம். ஆறு மணிக்கு வீட்டில் என்னென்ன ஓடுமோ எல்லாவற்றையும் போடு.

(மெயின் போர்டு. டப்பென்று ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்: "நான் சொன்னேனே!")

மூர்த்தி: இந்த ட்ரிப் சுவிட்ச் கணக்குப்பிள்ளை மாதிரி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரிவர வேண்டும். 30 மில்லி அம்பியர் குறைந்தால் கடையைப் பூட்டிவிடும். இங்கே எட்டு பிரேக்கர் இருக்கிறது. நாலை நிறுத்து. மிச்சம் நாலுடன் போடு. விழவில்லையா? அப்போ கள்ளன் மற்ற நாலுக்குள். அதில் இரண்டு...

கஜன்: அண்ணை! இது பைசெக்ட்!

மூர்த்தி: என்ன பிஸ்கட்?

கஜன்: பைசெக்ட். கிட்டில் இருக்கிறது. ஆயிரம் மாற்றத்தில் எது பிழை என்று தேட ஆயிரம் தடவை பார்க்கத் தேவையில்லை, பாதி பாதியாக வெட்டினால் பத்துத் தடவையில் பிடிக்கலாம். எட்டுக்கு மூன்று தடவை.

மூர்த்தி: நான் இதை என் குருவிடம் அடி வாங்கிப் படித்தேன். நீங்கள் பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்த டெஸ்டரைக் கொடு. அதில்லை, சிவப்புப் பிடி. அதுவுமில்லை, பிடியில் நூல் சுற்றியது.

கஜன்: அண்ணை, பைக்குள் டெஸ்டர் மட்டும் ஐந்து இருக்கிறதே. கை இரண்டுதானே?

மூர்த்தி: வாயை மூடு. நூல் சுற்றியது குரு தந்தது. மற்றது... மற்றது மழைக்கு.

(மூன்றாவது தடவை. டப்.)

மூர்த்தி: பிடித்தாயிற்று. உன் அறை இல்லை. கிணற்றடி. அம்மா ஆறு மணிக்குத் தண்ணி மோட்டர் போடுவாவா?

கஜன்: தினமும்! தாங்கி நிரப்ப. அண்ணை, இதைச் சத்தமாகச் சொல்லுங்கள். சமையலறைக்குக் கேட்கட்டும்.

(கிணற்றடி. மூர்த்தி மோட்டரின் சின்னப் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது.)

மூர்த்தி: பார்த்தாயா? ஊரின் பெயரிலேயே உப்பு. கடற்காற்று உள்ளே போகாமல் வயர் நுழைகிற வாயை இறுக்கி அடைக்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் துணிப்பட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி விட்டிருக்கிறான். ஈரம் ஏறி, கரண்ட் மோட்டரின் உடம்புக்குக் கசிகிறது. யாரடா இந்த வேலையைச் செய்த கழுதை?

கஜன்: பொறுங்கள், இப்போதே சொல்கிறேன். (போனைத் தட்டி) மோட்டர்... மோட்டர்... இதோ. போன வருஷம் ஆடி மாதம். "மோட்டர் பூட்டியது." (நிறுத்தி) அண்ணை, வெளிச்சம் குறைகிறது, நாளைக்குப் பார்ப்போமா?

மூர்த்தி: வாசி.

கஜன்: "பூட்டியவர் மூர்த்தி அண்ணை. கூலி 3,000 ரூபா. அடைப்பான் கைவசம் இல்லை, அடுத்த கிழமை வந்து போடுவதாகச் சொன்னார்."

(மூர்த்தி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்க்கிறார். திரும்பக் காதில் வைக்கிறார்.)

மூர்த்தி: அந்த வரியை அழிக்க முடியாதா தம்பி?

கஜன்: அழிக்கலாம் அண்ணை. ஆனால் எப்போது, யார் அழித்தார் என்று அடியில் எழுதிக்கொள்ளும்.

மூர்த்தி: (பைக்குள் கையை விட்டு, புத்தம் புதிய அடைப்பான் ஒன்றை எடுத்து) இன்றைக்குக் கூலி வேண்டாம். அம்மாவிடம் மோட்டர் பழசு என்று மட்டும் சொல். அப்புறம், சீனி குறைத்து ஒரு தேத்தண்ணி.