போராவுக்கு முன்னால் பேலம் போங்கள்

பூஜை லீவும் அரைப்பரீட்சை லீவும் வந்தால் போதும், நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் டூர் நோட்டீஸ் பறக்கிறது. விசாகப்பட்டினம், அரக்கு பள்ளத்தாக்கு, நடுவில் ‘போரா குகை’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. வேனிலிருந்து இறங்கி, டிக்கெட் எடுத்து, படியிறங்கி, கலர் லைட்டுக்குக் கீழே போட்டோ எடுத்து, குரங்குக்கு பிஸ்கட் பறிகொடுத்துவிட்டு ஏறி வருவதற்கே அது சரியாக இருக்கும்.

சுண்ணாம்புக் குகையை நிஜமாகவே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போராவை அரக்கு பயணத்தின் வாலில் கட்டாதீர்கள். ஆந்திராவிலேயே பேலம் என்று இன்னொரு சுண்ணாம்புக் குகை இருக்கிறது. முதலில் பேலம், பிறகு போரா. இரண்டுக்கும் தனித்தனியாக அரை நாள் கொடுங்கள்.

ஏன் இந்த வரிசை? நம்ம மாவட்டத்தில் குகை என்றால் மனதில் வருவது வேறு. சிதறாலில் சமணர்கள் தங்கியது பெரிய பாறை கவிந்து நிற்கும் தாழ்வாரம். திருநந்திக்கரை உளியால் குடைந்த கோயில். மருந்துவாழ்மலையில் நாராயண குரு தவம் செய்ததாகச் சொல்லும் பிள்ளைத்தடம் பாறை இடுக்கு. இது எதையும் தண்ணீர் கரைத்து உண்டாக்கவில்லை. நம்ம ஊர் மலைகளின் கெட்டிப் பாறைகளான சார்னகைட்டும் கோண்டலைட்டும் மழையில் கரைகிற ஜாதி கிடையாது. சிதறாலைப் பார்த்த கண்ணோடு நேராக போராவுக்குள் போனால் ‘அடேயப்பா, எவ்வளவு பெரிசு’ என்பதோடு முடிந்துவிடும்.

கரைகிற கல் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆந்திரா வரை போக வேண்டாம். அடுக்களை அலமாரிக்குப் போட்ட கடப்பா கல்லில் எலுமிச்சம்பழச் சாறு இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு போய் வெளிறிய வட்டம் ஒன்று நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கடப்பா கல் என்பது கறுப்புச் சுண்ணாம்புக்கல். புளிப்பு பட்டால் அது அரிக்கும். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் மக்கும் இலைகளும் விடுகிற கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மிக லேசான அமிலமாகிவிடும். அது கல்லின் விரிசல் வழியாக லட்சக்கணக்கான வருஷம் ஓடினால் விரிசல் குழாயாகும், குழாய் மண்டபமாகும். பேலம் அப்படி உண்டானது, அதே வகைக் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லில்.

பேலம் இருப்பது நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லா பக்கம். மாவட்டப் பிரிப்புக்கு முன்னால் கர்னூல் மாவட்டம். பழைய வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கும். கிட்டத்தில் பெரிய ஊர் தாடிபத்ரி, சுமார் 30 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து புனே போகும் ரயில் கடப்பா, தாடிபத்ரி வழியாகத்தான் போகிறது. தாடிபத்ரியில் கடப்பா கல் அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறைகளைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். குகையின் சுவரும் அந்தப் பட்டறைப் பலகையும் ஒரே வகைக் கல் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் மலையும் இல்லை, ஒன்றும் இல்லை. சமநிலத்தில் கிணறு மாதிரி குழிகள், அதில் ஒன்றில் படி. 1884-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைப் பற்றி எழுதினார். பல்லாவரத்தில் கற்கோடாரி கண்டெடுத்தாரே, அதே மனுஷர். பிறகு 1982-83-இல் டேனியல் கெபவர் தலைமையில் ஜெர்மன்காரர்கள் வந்து அளந்தார்கள். மொத்த நீளம் 3,229 மீட்டர், அதில் ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்குத்தான் மக்களை விடுகிறார்கள். 2002-இல் ஆந்திர சுற்றுலாத்துறை திறந்துவிட்டது. மிக ஆழமான இடமான பாதாளகங்கை தரைமட்டத்துக்கு 46 மீட்டர் கீழே.

இங்கே தொங்கும் தூண்கள் குறைவு. ‘போராவில் இருக்கிற மாதிரி இல்லையே’ என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. அதனால்தான் இதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். அலங்காரம் மறைக்காததால் தண்ணீர் செய்த வேலை அப்படியே அம்மணமாகத் தெரியும். சுவரில் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். சுண்ணாம்புக் குகைச் சுவரில் சிப்பி சிப்பியாகக் குழிவுகள் தட்டுப்பட்டால், ஒவ்வொரு குழிவிலும் எந்த ஓரம் செங்குத்து, எந்த ஓரம் சரிவு என்று பாருங்கள். செங்குத்து ஓரத்திலிருந்து சரிவு ஓரத்தை நோக்கித்தான் தண்ணீர் ஓடியிருக்கிறது. குழிவு சின்னதாக இருந்தால் ஓட்டம் வேகம், பெரிதானால் மெதுவான ஓட்டம். இது தெரிந்துவிட்டால் வற்றிப்போன ஆறு எந்தப் பக்கம் போனது என்று வழிகாட்டி இல்லாமலே சொல்லலாம்.

பேலமில் கவனிக்க வேண்டியது காற்று. குகைக்குள் வெப்பநிலை என்பது ஏறத்தாழ அந்த ஊரின் வருஷச் சராசரிதான். ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகை வருஷம் முழுக்கப் பத்து டிகிரிப் பக்கம் நிற்பதும் இதனால்தான், வெயில் கொளுத்தும் ராயலசீமாவில் இருக்கிற பேலம் புழுங்குவதும் இதனால்தான். ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. நம்ம வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம், விடுகிற மூச்சிலோ சுமார் 4 சதவீதம். ஒரு பஸ் கூட்டம் முட்டுச்சந்து மாதிரியான தாழ்ந்த இடத்தில் பத்து நிமிஷம் நின்றால் தலை கனக்க ஆரம்பிக்கும். உள்ளே காற்றூதிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் வாய்க்கருகில் நின்று நின்று போங்கள். திறந்தவுடன் காலையிலேயே நுழைந்துவிடுவது உத்தமம். ஆஸ்துமா, இதய நோய், கூடுதல் ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அகலமான மண்டபங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதாளகங்கைக்குக் குனிந்து இறங்கி, திரும்ப ஏற வேண்டும், அது எல்லோருக்கும் ஆகாது. வேட்டி சேலை வேண்டாம். வயிறு நிறையப் புரோட்டா தின்றுவிட்டும் போகாதீர்கள்.

இனி போரா. இப்போது அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம், அனந்தகிரி மலை. கோஸ்தனி ஆற்றுத் தண்ணீர் குடைந்தது. இந்த மலைத்தொடரும் நம்ம ஊர்போல் கோண்டலைட் பாறைதான், ஆனால் அங்கே அதற்குள் பளிங்குச் சுண்ணாம்புக்கல் பட்டைகள் அகப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டை இருக்கும் இடத்தில் மட்டும் குகை. இணையத்தில் எங்கு தேடினாலும் 1807-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வெள்ளைக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார் என்று வரும். அந்தத் துறையே 1851-இல்தான் ஆரம்பித்தது. வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டிப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கன்னியாகுமரியிலிருந்தே விசாகப்பட்டினம் வழியாகப் போகிறது. ஒரு நாளுக்கு மேல் ஆகும், இறங்கிய கையோடு குகைக்கு ஓடாதீர்கள். விசாகப்பட்டினத்தில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலை கிரந்துல் ஊருக்குப் போகும் ரயிலில் ஏறினால் போரா குஹலு ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம். அங்கிருந்து குகை பக்கம்தான். சுரங்கங்களும் பள்ளத்தாக்குமாக அந்தப் பாதையே டிக்கெட் காசுக்குத் தகும். கனமழைக் காலத்தில் பாறை சரிந்து ரயில் நின்றுவிடுவதுண்டு, அதனால் திரும்பும் டிக்கெட்டை அதே ராத்திரிக்குப் போட வேண்டாம். மழை ஓய்ந்தவுடன் போவது நல்லது, கூரை நன்றாகச் சொட்டும். படிகள் வழுக்கும், குதிங்கால் பட்டையுள்ள ரப்பர் ஷூ போடுங்கள், ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம்.

மேலிருந்து தொங்கும் தூணின் நுனியைப் பாருங்கள். அதில் ஒரு சொட்டு நின்றால் அது இன்னும் வளர்கிறது. குகைக் காற்றில் பட்டதும் சொட்டிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, தாங்கிவந்த சுண்ணாம்பு மெல்லிய படலமாகப் படிகிறது. சாதாரணமாக வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால், விரல் நீளத்துக்கு ஆயிரம் வருஷம் போல ஆகும். அதைத்தான் நம்ம ஆட்கள் தட்டிப் பார்க்கிறார்கள், ‘சாமி லிங்கம்’ என்று எண்ணெய்க் கையோடு தடவுகிறார்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது, படிவு நிற்கும், அழுக்கு ஏறிக் கறுக்கும். கும்பிட வேண்டுமென்றால் தள்ளி நின்று கும்பிடலாமே.

கலர் லைட் விஷயத்தில் எனக்கு ஆத்திரமே உண்டு. சிவப்பும் பச்சையும் அடித்தால் இரும்புச் சத்தால் பழுப்பேறிய கல் எது, சுத்தமான வெள்ளைப் படிவு எது என்று தெரியாது. எப்போதும் எரிகிற விளக்கைச் சுற்றிப் பாசி பிடிக்கும். விளக்குக்கு அடியில் பச்சைத் திட்டு தெரிந்தால் அதை அழகு என்று போட்டோ எடுக்காதீர்கள், அது நோய். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களை 1963-இல் பொதுமக்களுக்கு மூடியது இதே காரணங்களால்தான்: கூட்டத்தின் மூச்சு, விளக்கு, பாசி. ஆளுக்கொரு வெள்ளை வெளிச்ச டார்ச் கொண்டுபோங்கள், போன் லைட் எட்டாது. வவ்வால் கூட்டத்தின் மேல் மட்டும் அடிக்காதீர்கள்.

‘இவ்வளவு தூரம் யார் போவா’ என்பவர்களுக்கு ஒன்று. மலேசியாவில் சொந்தக்காரர் இல்லாத தெரு நம்ம ஊரில் குறைவு, பத்துமலைக்குப் போகாதவர்களும் குறைவு. அந்த மலையே சுண்ணாம்புக்கல் மலைதான். 272 படி ஏறி முருகனைக் கும்பிட்ட பிறகு, மூச்சு வாங்க நிற்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். கூரை இடிந்து விழுந்து வானம் தெரியும் ஓட்டையும், அதன் ஓரத்தில் தொங்கும் தூண்களும் அங்கேயே இருக்கின்றன. அடுத்த தடவை அங்கே போகும்போதும் டார்ச் பெட்டியில் இருக்கட்டும்.