வண்டி கக்குன சூடு எப்படிய்யா வெளிச்சூடு ஆகும்?

செவ்வாய்க்கிழமை போட்ட போட்டோவைப் பாத்துட்டு நிறையப் பேர் போன் பண்ணிட்டீங்க. ஒயரிங் உருகிக் கிடந்த என் லாரிதான் அது. வாரண்டியில சரி பண்ணித் தரச் சொல்லிக் கேட்டதுக்கு நேத்து கம்பெனி பதில் வந்துருச்சு. 'வெளிப்புற வெப்பத்தால் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் வராது.' ஒரே வரி. கூடவே 68,400 ரூபாய்க்கு எஸ்டிமேட்.

வெளிப்புற வெப்பமாம். வண்டிக்கு அடியில அடுப்பா மூட்டினேன்?

பிஎஸ்-6, அதாவது புகையைக் குறைக்கச் சொல்ற புது விதிப்படி வந்த வண்டி, ஓட்டாதவங்களுக்குச் சொல்றேன். 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த டீசல் லாரியில சைலன்சர்ங்கறது பழைய தகர டப்பா இல்ல. புகையில வர்ற கரியைப் பிடிச்சு வைக்கிற ஒரு சல்லடை அதுக்குள்ள இருக்கு, டிபிஎஃப்னு பேரு. கரி சேரச் சேர அடைச்சுக்கும். அதனால வண்டியே அப்பப்ப டீசலைக் கூடுதலா விட்டு, சூட்டை ஏத்தி, அந்தக் கரியை எரிச்சுத் தள்ளும். ரீஜென்னு சொல்றது இதைத்தான். அந்த நேரத்துல உள்ள 600 டிகிரி பக்கம் போகும். ஒயர் மேல இருக்கிற உறை அதுல கால்வாசி கூடத் தாங்காது. அதுக்குத்தான் நடுவுல ஒரு தடுப்புத் தகடு வச்சிருக்காங்க. அந்த 600 டிகிரியை உண்டாக்கச் சொன்னது யாரு? வண்டிக்குள்ள கம்பெனி போட்ட புரோகிராம். நானா சொன்னேன்? அப்ப அது எப்படி வெளிச்சூடு?

ஒட்டன்சத்திரத்துல இருந்து தக்காளி ஏத்திட்டு வந்துக்கிட்டு இருந்தேன். வாடிப்பட்டி தாண்டுனதும் ரப்பர் கருகுற வாடை. ஓரங்கட்டுறதுக்குள்ள மீட்டர் போர்டு மொத்தமா அணைஞ்சு போச்சு. டார்ச்சை எடுத்துக்கிட்டு அடியில படுத்துப் பாத்தேன். தடுப்புத் தகட்டுல மூணு போல்ட் இருக்கணும், ரெண்டுதான் இருந்துச்சு. தகடு ஒரு பக்கமாச் சரிஞ்சு தொங்குது. ஒயரைக் கையில எடுத்துப் பாத்தா, சைலன்சரைப் பாத்த பக்கம் மட்டும் மெழுகு மாதிரி வழிஞ்சு செம்புக் கம்பி தெரியுது. அதே ஒயரோட மறுபக்கம் அச்சடிச்ச எழுத்துகூட அழியல, படிக்கலாம். சூடு எங்க இருந்து வந்துச்சுன்னு அந்த ஒயரே சொல்லுது.

போன மாசம் அந்தத் தகட்டைக் கழட்டுனது அவங்க சர்வீஸ் சென்டர்தான். சென்சார் மாத்தக் கழட்டுனாங்க. என்னென்ன வேலை பாத்தாங்கன்னு எழுதுற ஜாப் கார்டுல இருக்கு, என்கிட்ட நகல் இருக்கு.

இப்ப சிலர் கேப்பீங்க, 'ரீஜென் லைட் எரிஞ்சப்ப நிறுத்தி வைக்காம ஓட்டியிருப்பே'ன்னு. ரெண்டு தடவை தள்ளிப் போட்டிருக்கேன், மறைக்கல. விடியறதுக்குள்ள சரக்கை மார்க்கெட்ல இறக்கியாகணும். அரை மணி நேரம் ஓரமா நின்னு என்ஜினை உறும விட எங்க எடம் இருக்கு? காஞ்ச புல்லு மேல நிறுத்தாதேன்னு அவங்க புஸ்தகத்துலயே போட்டிருக்கு. நம்ம ரோட்டோரம் பூரா காஞ்ச புல்லுதான். இருக்கட்டும், நான் தள்ளிப் போட்டதுதான் காரணம்னா அதைக் காட்டுங்க. எப்ப ரீஜென் ஓடுச்சு, எப்ப நின்னுச்சு, எவ்வளவு சூடு போச்சுன்னு வண்டியோட கம்ப்யூட்டரான கண்ட்ரோல் யூனிட்ல பதிவாகியிருக்கும். பிரிண்ட் கேட்டேன். தர முடியாதாம். குத்தம் என் மேல, அத்தாட்சி மட்டும் அவங்க பெட்டியில.

'எக்ஸ்ட்ரா லைட் போட்டிருக்கீங்க, ஒயரிங்ல கை வச்சிருக்கீங்க'ன்னார் சர்வீஸ் சென்டர் அட்வைசர். ஆமா, போட்டிருக்கேன், முன்னாடி பம்பர்ல. உருகுனது பின்னாடி சேஸிஸ்ல. அப்புறம் 'அடியில வைக்கோல் சிக்கி எரிஞ்சிருக்கும்'னு ஆரம்பிச்சார். சோழவந்தான்ல வைக்கோல் ஏத்துனது தையில. இப்ப என்ன மாசம்? அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

எங்க அய்யாவும் லாரி டிரைவர். கீழமாசி வீதி முதலாளி ஒருத்தர்கிட்ட இருபது வருஷம் ஓட்டுனார். சைலன்சர் சுட்ட தழும்பு கெண்டைக்கால்ல கடைசி வரைக்கும் இருந்துச்சு. பைப் சூடு கேபின்ல ஏறுதுன்னு அவரே ஆஸ்பெஸ்டாஸ் கயித்தை வாங்கிச் சுத்துவார். ஒரு தடவை மணப்பாறைக்கிட்ட என்ஜின் சீஸ் ஆகி ரெண்டு நாள் ரோட்டுல கிடந்தாரு. முதலாளி பஸ் ஏறி வந்தவர், வந்ததும் "சாப்பிட்டியாடா"ன்னுதான் கேட்டாராம். அய்யா இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். எனக்குக் கிடைச்ச மொத வார்த்தை 'டிரைவர் கவனக்குறைவு'. வண்டி பேர்ல டியூ கட்டுறவன் நான், ஓட்டுறவனும் நான். என் வீட்டுக்காரி வளையலை அடகு வச்சு முன்பணம் கட்டுன வண்டி. அதுல நான் எதுக்குக் கவனக்குறைவா இருக்கப் போறேன்? அவங்க இடத்துல ரெண்டரை மணி நேரம் நின்னேன். உக்காருங்கண்ணேன்னு ஒரு சொல் வரல. காரு வாங்க வந்தவங்களுக்குக் காபி போச்சு.

'பேசாமக் கட்டிட்டு எடுத்துட்டு வா மாப்ள, நிக்கிற ஒவ்வொரு நாளும் நட்டம்'னு சொல்றவங்க என் மேல அக்கறையிலதான் சொல்றீங்க. ஆனா இப்படி ஒவ்வொருத்தனும் கட்டிட்டு எடுத்துட்டு வந்ததாலதான் அந்த ஒத்தை வரிப் பதில் அவங்க கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கு.

'லாரி வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டு எடுக்காது'ன்னு ஒருத்தர் சட்டம் பேசினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7)-ஐ ஒரு தடவை படிச்சிருங்கண்ணே. பிழைப்புக்காகச் சுயதொழில் பண்றவன் அதுக்குன்னே வாங்குன பொருள் வியாபார நோக்கத்துல சேராதுன்னு விளக்கமே இருக்கு. ஒத்தை வண்டி வச்சு நானே ஓட்டுறேன். இது பிழைப்பு இல்லாம வேற என்ன? புகார் கொடுக்க ரெண்டு வருஷம் டைம் இருக்கு. நான் ரெண்டு வாரத்துல கொடுக்கப் போறேன்.

திங்கட்கிழமை பணத்தைக் கட்டி வண்டியை எடுக்கிறேன், வேற வழி இல்ல. ஆனா பில்லுல கையெழுத்துக்கு மேல 'ஆட்சேபணையோடு கட்டுகிறேன், வாரண்டி உரிமையை விட்டுத்தரவில்லை'ன்னு எழுதிட்டுத்தான் போடுவேன். உருகுன ஒயரைப் பழைய சாமான் கணக்குல ஒப்படைக்கணும்னு காலையில போன் வந்துச்சு. முடியாதுன்னுட்டேன். அன்னைக்கு வாடிப்பட்டியிலயே ஒரு சாண் அறுத்து எடுத்து வச்சது, ஜாப் கார்டு நகலோட சேத்து பீரோவுல இருக்கு.