தமிழ்நாட்டில் மின்சாரத்தைச் சேமிக்க வசதியே இல்லையா?

"தமிழ்நாட்டில் சூரிய மின்சாரத்தைச் சேமித்துவைக்க ஒரு வசதியும் கிடையாது, பகலில் மிஞ்சுவது முழுவதும் வீண்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது. கோவை மாவட்டத்தில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட காடம்பாறை நீரேற்று மின்நிலையம், சூரிய மின்சாரம் பரவலாவதற்கு வெகுமுன்னரே, 1980களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றும் அதே இயந்திரங்கள், விளக்கு வைக்கும் நேரத்தில் தேவை எகிறும்போது, அந்தத் தண்ணீர் கீழிறங்கும் வேகத்தில் சுழன்று மின்சாரம் தருகின்றன. ஏற்றுவதற்குச் செலவான மின்சாரம் முழுதும் திரும்பக் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் பெரிய குறை அளவில்தான் இருக்கிறது: மாநிலத்தின் சூரிய மின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட நிலையில், காடம்பாறையின் திறன் 400 மெகாவாட் மட்டுமே. "சேமிப்பு போதவில்லை" என்று எழுதியிருந்தால் மறுக்க ஒன்றுமில்லை.