குயீனின் ஜான் டீக்கன்: ஒரு திருத்தம்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு குயீனைப் பற்றி, "குயீன் பாட்டெல்லாம் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியும் கிடார் கலைஞர் பிரையன் மேயும் எழுதியவை, ஜான் டீக்கன் பின்னால் நின்று பேஸ் கிடார் வாசித்ததோடு சரி" என்கிறீர்கள். பின்னால் நின்றது உண்மை. மற்றது தவறு.

1980-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' டீக்கன் எழுதிய பாட்டு. அதன் தொடக்கத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள். பேஸ் ஒரே சுரத்தை மூன்று முறை தட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதில்தான் பாட்டே நிற்கிறது. வேறு யாராவது என்றால் அந்த இடைவெளியில் நாலு சுரத்தைத் திணித்திருப்பார்கள்.

'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ'யும் அவருடையதுதான். 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' மனைவிக்காக எழுதியது. அதில் வரும் எலெக்ட்ரிக் பியானோ ஃப்ரெடிக்குப் பிடிக்கவில்லை, அதனால் பதிவில் அதையும் இவரே வாசித்தார்.

அப்புறம், மனிதர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். குப்பையில் கிடந்த சர்க்யூட் பலகையை எடுத்து ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் செய்தார். பிரையன் மே அடுக்கடுக்காகப் பதிந்த கிடார் ஒலிகள் பலவும் அதன் வழியாக வந்தவையே.

போகிற போக்கில், 'ரேடியோ காகா' எழுதியது குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர். அவரையும் விட்டுவிட்டீர்கள்.