இரண்டும் ஒரே நாள் அல்ல

மெமோரியல் டே விடுமுறையில் முன்னாள் ராணுவ வீரர்களை வாழ்த்தச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்ல மனம்தான், ஆனால் அமெரிக்காவில் அது போரில் மாண்டவர்களுக்கான நாள். முன்னாள் வீரர்களுக்கு நவம்பர் 11 தனியாக இருக்கிறது. மெமோரியல் டேயை முன்பு மே 30 அன்று அனுசரித்தார்கள். 1971 முதல் மே மாதக் கடைசித் திங்களுக்கு மாற்றி மூன்று நாள் விடுமுறை ஆக்கியதும் தள்ளுபடி விற்பனை முந்திக்கொண்டது. ஆர்லிங்டன் தேசிய ராணுவக் கல்லறையில் மட்டும் மாண்டவர்களை நினைக்கும் கண்டிப்பு குறையவில்லை. விடுமுறைக்கு முன்பே வீரர்கள் வந்து, ஒவ்வொரு கல்லறைக் கல்லுக்கும் முன்னால் பூட்ஸ் காலை வைத்து அளந்து, சிறு கொடி நடுகிறார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள்! சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். திங்களன்று பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிட மௌனம் என்று 2000-இல் சட்டமே இயற்றினார்கள். அந்த நிமிடம் எந்தக் கடையில் பில் போடுவதை நிறுத்துகிறார்களாம்?