கையெழுத்துக் கேட்காத ஐக்கியம்

புராட்டஸ்டன்ட் சபைகளின் ஐக்கியம் பற்றி யார் பேசினாலும் ஜெர்மனியின் மார்பர்க் நகரக் கதையில்தான் தொடங்குகிறார்கள். 1529 அக்டோபர், ஹெஸ்ஸே பிரபு பிலிப்பின் கோட்டை. ஒரு பக்கம் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர், அவருடைய தோழர் மெலாங்தன். மறுபக்கம் சுவிஸ் சீர்திருத்தவாதிகள் ஸ்விங்லி, எக்கோலம்பாடியுஸ். "இது என்னுடைய சரீரமாயிருக்கிறது" என்ற வசனத்தை லூத்தர் சாக்பீஸால் மேசையில் எழுதிவைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தார். "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது" என்று ஸ்விங்லி யோவான் 6ஐ எடுத்தார். 15 கூறுகளில் 14இல் முழு உடன்பாடு. இராப்போஜன (நற்கருணை) அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாக இருக்கிறதா என்ற ஒரு கேள்வியில் பிரிந்தார்கள். லூத்தர் பிடிவாதக்காரர் என்று தீர்ப்பெழுதி நாமும் கதையை முடித்துவிடுகிறோம்.

பிடிவாதக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தைக் கூட்டிய பிலிப்பின் அவசரத்தை யாரும் பேசுவதில்லை. கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸைச் சமாளிக்க அவருக்கு ஒரு கூட்டணி தேவைப்பட்டது. கூட்டணிக்கு முன் ஒரே விசுவாச அறிக்கை வேண்டும் என்பது அன்றைய கணக்கு. அடுத்த 200 ஆண்டுகளின் ஐக்கிய முயற்சிகளில் பல இந்தக் கணக்கில்தான் கவிழ்ந்தன என்பது என் கருத்து. முதலில் கையெழுத்துப் போடு, அப்புறம் ஒரே பந்தியில் உட்காரலாம் என்பது அது.

1631ஐ மட்டும் பாருங்கள். ஜெர்மனியில் கத்தோலிக்கரோடு நடந்த முப்பதாண்டுப் போரில் புராட்டஸ்டன்ட் தரப்பு திணறிக்கொண்டிருந்தது. மார்ச்சில் லைப்சிக்கில் சாக்சனியின் லூத்தரன் இறையியலாளர்களும் பிராண்டன்பர்க், ஹெஸ்ஸே பகுதிகளின் சீர்திருத்த சபையாரும் (ஸ்விங்லி, கால்வின் வழி வந்தவர்கள்) கூடி, லூத்தரன்களின் விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையை வரிவரியாக வாசித்தார்கள். பெரும்பாலானவற்றில் உடன்பாடு. சாக்சனித் தரப்புக்குத் தலைமை தாங்கிய ஹோயே யார் தெரியுமா? கால்வினியரைவிட ரோமன் கத்தோலிக்கரே நமக்கு நெருக்கம் என்ற வாதத்தை அச்சிட்டுப் பரப்பியவர்! போர்ப் பயம் அவரையே உட்கார வைத்தது. ஆனால் இது தனிப்பட்ட உரையாடல், எங்கள் சபைகளைக் கட்டுப்படுத்தாது என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டார்கள். 1635இல் சாக்சனி பேரரசருடன் பிராகில் தனி சமாதானம் செய்துகொண்டது.

அதே 1631இல், பாரிஸுக்கு வெளியே ஷாரன்டோன். நகருக்குள் ஆலயம் வைத்துக்கொள்ளக்கூட அனுமதியில்லாத பிரெஞ்சு சீர்திருத்த சபையின் தேசிய சினாட் (சபைப் பேரவை) கூடியது. லூத்தரன்கள் தங்கள் விசுவாசத்தைத் துறக்காமலே எங்கள் இராப்போஜனப் பந்திக்கு வரலாம், எங்கள் வீடுகளில் பெண் எடுக்கலாம், பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நிற்கலாம் என்று தீர்மானம். எதிர்த்தரப்போடு பேச்சுவார்த்தை இல்லை, பதிலுக்கு எதையும் கேட்கவும் இல்லை. ஜெர்மன் லூத்தரன்கள் இதற்கு நெகிழ்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் அந்த நூற்றாண்டின் ஐக்கியத் தீர்மானங்களில் நான் மதிப்பது இது ஒன்றைத்தான்.

ஜான் டூரி என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1596இல் எடின்பரோவில் பிறந்தவர். பால்டிக் கரையில் எல்பிங் என்ற ஊரில் ஆங்கில வணிகர்களுக்குப் போதகராக இருந்தபோது பிடித்த சபை ஐக்கியப் பைத்தியம், 1680இல் காசெலில் சாகும்வரை விடவில்லை. ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஜெர்மனி, ஹாலந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து என்று அரண்மனை அரண்மனையாக ஏறி இறங்கினார். ஆதரவு தருவார் என்று நம்பிய சுவீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃப் 1632இல் லூட்சன் போர்க்களத்தில் இறந்தார். சுவீடனுக்கே போய்ப் பார்த்தார். 1638இல் நாட்டைவிட்டு வெளியேறு என்று உத்தரவு. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) குருப்பட்டம் வாங்கினார், பிஷப்புகளே வேண்டாம் என்ற பிரஸ்பிட்டேரியன்களோடு லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பேரவையில் உட்கார்ந்தார், பின்னர் அரசரை வீழ்த்தி இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெலின் தூதராகப் போனார். இவர் எந்தக் கட்சி என்ற சந்தேகம் எல்லோருக்கும் வந்ததில் வியப்பில்லை. இரட்சிப்புக்கு அவசியமான அடிப்படைகளில் மட்டும் ஒத்துப்போனால் போதும் என்பது அவர் வாதம். எது அடிப்படை என்று தீர்மானிப்பது யார்? அங்கேதான் ஒவ்வொரு முறையும் வண்டி நின்றது. அந்த மனிதரின் உழைப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அவரும் கடைசிவரை காகிதத்தைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தார்.

நல்ல நோக்கத்தோடு கேட்கும் கையெழுத்து இன்னும் மோசம். பிராண்டன்பர்க்கில் ஆள்பவர் சீர்திருத்த சபை, மக்களோ லூத்தரன்கள். ஒருவரையொருவர் பிரசங்க பீடத்திலிருந்து திட்டக்கூடாது என்று 1664இல் ஓர் ஆணை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது! பெர்லின் நிக்கோலாய் ஆலயத்தின் பவுல் கெர்ஹார்ட் கையெழுத்திட மறுத்து 1666இல் பதவி இழந்தார். பெரிய வெள்ளியன்று நம் சபைகளில் பாடும் ஞானப்பாட்டு ஒன்றின் ஜெர்மன் மூலம் இவர் எழுதியது. பிறகு கையெழுத்து வேண்டாம், திரும்பி வாருங்கள் என்றார்கள். அவர் மனசாட்சி ஒப்பவில்லை.

1817இல் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் இரு சபைகளையும் இணைத்தார். சீர்திருத்த சபைக்காரரான அவரால், லூத்தரன் மனைவியோடு ஒரே பந்தியில் இராப்போஜனம் எடுக்க முடியாமல் போன வருத்தம் அதன் பின்னால் இருந்தது. அதைக் கேட்டால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் 1830இல் புதிய ஆராதனை முறையைக் கட்டாயமாக்கினார்கள். மறுத்த சைலீசிய கிராமமான ஹோனிகர்னில் 1834 டிசம்பரில் படைவீரர்கள் ஆலயக் கதவைத் திறந்தார்கள். இணைப்பை ஏற்காத 'பழைய லூத்தரன்'களில் ஒரு பகுதியினர் கப்பலேறி, 1838இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு அருகில் குடியேறினார்கள். இரண்டு சபை இருந்த இடத்தில் இப்போது மூன்று.

நம் ஊர்க் கதையும் இதோடு ஒட்டியதுதான். தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கை அனுப்பியவர் லூத்தரன் டேனிஷ் அரசர். அவருக்கு அச்சு இயந்திரம் அனுப்பியதோ லண்டனின் ஆங்கிலிக்கன் சங்கம். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதன்பின் ஸ்வார்ட்ஸ் போன்ற லூத்தரன் குருமார் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் அதே ஆங்கிலிக்கன் சங்கத்தின் சம்பளத்தில் ஊழியம் செய்தார்கள். உன் குருப்பட்டம் செல்லுமா என்று யாரும் நோண்டவில்லை. டூரி 50 ஆண்டு அலைந்து தேடியது இங்கே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் அந்தக் கேள்வி திருநெல்வேலிக்கு வந்தது. உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் தருவது ஆங்கிலிக்கன் பிஷப் மட்டும்தானா என்ற தகராறில், 1835இல் பிரஷ்ய லூத்தரனான மிஷனரி ரேனியஸை அவருடைய ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம் நீக்கியது. ஹோனிகர்னில் கதவு திறக்கப்பட்டதற்கு மறு ஆண்டு, பாளையங்கோட்டையைச் சுற்றியிருந்த சபைகளும் இரண்டாகப் பிரிந்து நின்றன.